படம் வராத பக்கம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். ஞானதுரை அண்ணாச்சி தன் பேக்கரி பெயர் போட்ட டைரியைக் கையில் திணித்துவிட்டார். எட்டாம் மாதத்தில் டைரி கொடுக்கிற மனுஷன் இந்த ஊரில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். மிச்சம் விழுந்ததாம். நல்ல காகிதம், வீணாக்க மனம் வரவில்லை.

மாதா கோவில் திருவிழாக் கூட்டம் நேற்றோடு வடிந்தது. இன்றைக்குத்தான் ஆபீஸைத் திறந்தோம். ஆபீஸ் என்றால் டூவிபுரத்தில் ஒரு மாடி, இரண்டு அறை, பேச்சி, நான். வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று நான் வரைவேன், அதை ஓட வைப்பது பேச்சியின் வேலை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தம்.

பேக்கரி வெப்சைட்டை அண்ணாச்சிக்குக் காட்டினேன். முதல் பக்கத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவருடைய கடை கவுண்டரை அப்படியே வரைந்து வைத்திருக்கிறேன். கண்ணாடி ஜாடி நிறைய மக்ரூன், ஜாடியைத் தொட்டால் ஆர்டர் பக்கம். அடுப்பைத் தொட்டால் கேக் வகைகள். மூலையில் இருக்கும் பழைய டெலிபோனைத் தொட்டால் கடை விலாசம். அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இது நம்ம கடதானா? நெசக் கடைய விட நல்லா இருக்கே!”

பேச்சி இடையில் புகுந்தாள். “அக்கா, ஜாடிக்குக் கீழ ‘மக்ரூன் ஆர்டர் செய்ய’ன்னு ஒரு வரி போட்டுருவோமா? அது லிங்க்குன்னு ஜனங்களுக்குத் தெரியணும்லா.”

“கட வாசல்ல ‘இது கதவு’ன்னு எவனாவது எழுதி ஒட்டுவானாட்டி? பாத்தாலே தெரிய வேண்டாமா?”

“அப்ப ஆல்ட்டாவது எழுதிக் குடுங்க.”

ஆல்ட் என்றால் படம் வராத இடத்தில் படத்துக்குப் பதிலாக வரும் ஒரு வரி. கண் தெரியாதவர்கள் போனில் வெப்சைட் திறந்தால், போன் அந்த வரியைத்தான் வாசித்துச் சொல்லும். அப்புறம் பார்க்கலாம் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு டீ வாங்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மெயிலைத் திறந்தால் கிளாட்வின் எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். பிப்ரவரியில் ஏறினார், நவம்பர் கடைசியில் இறங்க வேண்டும்.

அவருக்கென்று ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் அதை ஏற்றிக் கொடுத்த பேச்சியையும் தவிர வேறு யாருக்கும் அதன் விலாசம் தெரியாது. திறந்தால் திரேஸ்புரத்து எங்கள் வீடு. பச்சைக் கதவைத் தொட்டால் ஹால். குசினி ஜன்னலைத் தொட்டால் அந்த வாரம் நான் என்ன சமைத்தேனோ அது. மொட்டைமாடியைத் தொட்டால் அங்கிருந்து தெரியும் கடல், அன்றைக்கு என்ன நிறமோ அந்த நிறத்தில். உள்ளேயும் படம்தான், எழுத்து கிடையாது. வாரம் ஒன்றாவது புதிதாக வரைந்து மாற்றுகிறேன். ஏக்கம் பிடித்து வரைகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்றுதான்.

மெயிலில் இரண்டு வரி. “பக்கம் தெறந்துச்சு. நல்லா இருக்கு. டூட்டி முடிஞ்சதும் மொத வேல அதத் தெறக்கதுதான்.”

எது பிடித்தது என்று போன வாரம் கேட்டிருந்தேன். அதற்குப் பதில்: “எல்லாமே.”

எல்லாமே என்றால் எது? கடலுக்கு மட்டும் நான்கு நீலம் கலந்திருக்கிறேன். ஓட்டலில் சர்வரிடம் சொல்கிற மாதிரி எல்லாமே நல்லா இருக்கு என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

ஆகஸ்ட் 22, வியாழன்

சீலா மீன் நன்றாக இருந்ததென்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு பேருக்கு வாங்கியிருக்கிறேன். பழக்கதோஷம். குழம்பை ஆபீஸுக்கு எடுத்துப் போனேன், பேச்சி சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அவர் கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றதாம், போன் செய்தார். பாதிப் பேச்சு விட்டு விட்டுத்தான் கேட்டது.

“தண்ணி மோட்டார் ஓடுதா?”

“ஓடுது.”

“சத்தம் போடுதா?”

“போடுது.”

“பேரிங் போயிருக்கும். நான் வந்து பாக்கேன்.”

“வந்து பாருங்க.”

அதோடு லைன் போய்விட்டது. ஏழு மாதம் கழித்து இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றிப் பேசியிருக்கிறோம். போனை வைத்துவிட்டு மோட்டாரை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சத்தம் போடத்தான் செய்தது.

பிப்ரவரியில் அவர் கிளம்பிய அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், யார் வாசிக்கப் போகிறார்கள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றார். “டெல்பின், போவ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு. போகல,” என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. முதல் நாளே அவருக்குப் பிடித்த நெத்திலி அவியல் வைத்தேன். சட்டைகளுக்கு இரண்டு தரம் இஸ்திரிப் பெட்டி போட்டேன். ராத்திரி ஒரு பொட்டுத் தூங்கவில்லை. இத்தனையும் பார்த்த மனுஷனுக்கு வார்த்தை வேறு வேண்டுமாம். “நான் எதுக்குச் சொல்லணும்? ஒங்களுக்கே தெரிய வேண்டாமா? ஒங்க இஷ்டம்,” என்றேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். ஆட்டோ முக்கு திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நிற்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஞானதுரை அண்ணாச்சி மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். கையில் அரைக் கிலோ மக்ரூன். குறை சொல்ல வரும்போதும் வெறுங்கையோடு வர மாட்டார்.

“ஏம்மா டெல்பின், ஒரு மாசமாச்சு. எல்லாவனும் படத்தப் பாக்கான், ஆசப்படுதான், போயிருதான். ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். சிவகாசில இருந்து ஒரு பார்ட்டி போன் போட்டு, ‘அண்ணாச்சி, வெப்சைட்ல படம் சூப்பரு, எங்க ஆர்டர் பண்ணனும்’ங்கான். நான் என்னன்னு சொல்லுவேன்?”

“ஜாடியத் தொடச் சொல்லுங்க.”

“ஜாடியத் தொடணும்னு அவனுக்குச் சொல்லுததுக்கு நான் கல்லாவுல போனோட உக்காரணுமா?”

பேச்சி கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். ஜனங்களுக்கு ரசனை இல்லை, நான் என்ன செய்ய? அண்ணாச்சியைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். ஜாடியைக் கொஞ்சம் ஆட விட்டால் தெரிந்துகொள்வார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜாடி ஆடுகிறது. அண்ணாச்சி போன் செய்தார்.

“ஏம்மா, ஜாடி எதுக்கு ஆடுது? கீழ விழுந்துராதே?”

செப்டம்பர் 30, திங்கள்

கிளாட்வின் இன்று எழுதிய மெயில்தான் இதுவரை வந்ததிலேயே நீளம். அப்படியே எழுதி வைக்கிறேன்.

“டெல்பின், கம்பெனில நவம்பருக்கு மேல இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்லுதாங்க. நம்ம ஊரு ஹார்பர்ல கப்பல இழுத்துட்டு வார டக் போட்டுல ஒரு எடம் இருக்குன்னும் ஆள் சொல்லி விட்டிருக்கான். சம்பளம் பாதிதான், ஆனா தெனமும் வீட்டுக்கு வந்துரலாம். அடுத்த மாசம் இருவதுக்குப் பெறகு வார போர்ட்ல கப்பல் நிக்கும்போது கையெழுத்துப் போடணும். இருக்கட்டுமா, வரட்டுமா? நீ சொல்லுததுதான். ஒரு வார்த்த சொல்லு.”

மறுபடியும் ஒரு வார்த்தை! இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தையை விட்டால் வேறு ஒன்றும் வேண்டாமா? வாரா வாரம் வீட்டையே வரைந்து அனுப்புகிறேன். ஊரில் எந்தப் பெண்டாட்டி இப்படிச் செய்கிறாள்? அதைப் பார்த்தும் இருக்கட்டுமா வரட்டுமா என்று கேட்கிறார்.

மெயிலில் ஏதோ அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். “வாங்க” என்று அடித்துப் பார்த்தால் பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. மூடிவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

பதிலை வரைந்து முடித்துவிட்டேன். பக்கத்தின் நடுவில் பெரிதாக வைத்திருக்கிறேன். வாசல் விளக்கு எரிகிறது. அவருடைய ரப்பர் செருப்பு, கழுவி, வாசற்படியில் ஜோடியாக. உள்ளே இரண்டு நாற்காலி. இரண்டு டம்ளர், ஒன்றில் டீ, இன்னொன்று கவிழ்த்து வைத்தது. கொடியில் அவர் வீட்டில் இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட சாரம். சாரத்தின் ஓரத்தில் சிகரெட் சுட்ட ஓட்டையைக்கூட விடவில்லை.

செருப்பை நிஜமாகவே எடுத்துக் கழுவினேன், பார்த்து வரைய வேண்டுமே. கழுவிய பிறகு உள்ளே எடுத்து வைக்கவில்லை, வாசலிலேயே கிடக்கிறது.

மெயிலில், “பதில் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்,” என்று மட்டும் எழுதினேன். இதைப் பார்த்து எந்தக் கல்நெஞ்சுக்காரனும் ஆறு மாதம் இருக்கட்டுமா என்று கேட்க மாட்டான்.

அக்டோபர் 10, வியாழன்

“பாத்தேன். நல்லா இருக்கு. வேற ஒண்ணும் சொல்லலியா?”

இவ்வளவுதான் மெயில். வேறு ஒன்றும் சொல்லவில்லையாமே! வாயில் நல்லதாக ஒன்றும் வரவில்லை. பதில் போடவில்லை.

ஆபீஸில் பேச்சி, “அக்கா, மொகம் ஏன் இப்பிடி இருக்கு?” என்றாள். மொகம் அப்படித்தான், பிறந்ததிலிருந்தே என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆபீஸ் போகவில்லை.

கிளாட்வின் மெயில்: “சரி டெல்பின். நீ ஒண்ணும் சொல்லல. அப்ப ஆறு மாசம் இருந்துக்கிடுதேன். கேப்டன்ட்ட சொல்லிட்டேன். அடுத்து வார போர்ட்ல கையெழுத்து. மோட்டாருக்கு மெக்கானிக்கக் கூப்பிடு, நீயே தண்ணி தூக்காத.”

சந்தோஷம். இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். எல்லா ஜன்னல் திரையையும் பிடுங்கித் துவைத்தேன், மழை நாளில் துவைக்கிறாளே என்று எதிர் மாடி வீட்டில் பார்த்தார்கள். அதே வேகத்தில் அவருடைய தலையணை உறையையும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டேன். பிழிந்து உதறும்போதுதான் உறைத்தது. பிப்ரவரியிலிருந்து அதை ஏன் துவைக்காமல் வைத்திருந்தேன் என்பது எனக்குத்தானே தெரியும். இப்போது அதில் சோப்பு வாசனை மட்டும்தான். துணிக்கல்லில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவர் வேண்டும். கோபமெல்லாம் ஒருபக்கம் கிடக்கட்டும், எனக்கு அந்த மனுஷன் வீட்டில் வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் ஞானதுரை அண்ணாச்சி வந்தார். இந்தத் தடவை மக்ரூன் இல்லை. தீபாவளி வருகிறது, அடுத்து கிறிஸ்துமஸ், இப்படியே இருந்தால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சி தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

“அண்ணாச்சி, ஒங்க பார்ட்டிக்காரங்க எல்லாருக்கும் நெட்டு வேகமா இருக்காது. பாதிப் பேரு காசு மிச்சம் பிடிக்கதுக்காகப் படம் வராம ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. அவங்களுக்கு நம்ம வெப்சைட்டு எப்பிடித் தெரியும்னு இப்பப் பாருங்க.”

ஏதோ ஒன்றை மாற்றினாள். பக்கம் மறுபடி திறந்தது. ஜாடி இல்லை, அடுப்பு இல்லை, டெலிபோன் இல்லை. வெள்ளைத் திரையில் மெல்லிய கோடு போட்ட வெற்றுக் கட்டங்கள் மட்டும். எது எங்கே போகும் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது.

“அட மாதாவே,” என்றார் அண்ணாச்சி, அவர் மாதா கோவில் ஆளே இல்லை. “இதத்தான் ஜனங்க பாத்துக்கிட்டு இருந்தாங்களா? இதப் பாத்து எவன் மக்ரூன் வாங்குவான்?”

பேச்சி அவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது காதில் ஏறவில்லை. எனக்கு அந்தக் கட்டங்கள்தான் தெரிந்தன. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சியின் கீபோர்டை இழுத்து எங்கள் வீட்டுப் பக்கத்தின் விலாசத்தை அடித்தேன்.

ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். நடுவில் பெரிதாக ஒன்று. பச்சைக் கதவு எங்கே என்று தேடினேன். ஒரு கட்டத்தை அழுத்தினேன், உள்ளே இன்னொரு வெற்றுக் கட்டம் திறந்தது. இன்னொன்றை அழுத்தினேன், அங்கேயும் அதேதான். நான்கு நீலம் கலந்த கடல் ஒரு வெள்ளைக் கட்டமாக இருந்தது.

பேச்சி பேசுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“அக்கா... கப்பல்ல காசு குடுத்துக் கார்டு வாங்கித்தான நெட்டு போடணும்? யாருக்கா அங்க படத்த ஆன்ல வச்சிருப்பா?”

“அவரு நல்லா இருக்குன்னாரேட்டி.”

“பெறவு என்ன சொல்லுவாவ? நீங்க கஷ்டப்பட்டு செஞ்சு அனுப்புறிய. ஒண்ணுமே தெரியலன்னு சொல்லி ஒங்க மனச நோகடிப்பாவளா?”

அண்ணாச்சி எழுந்து, நாளைக்கு வருகிறேன் என்று மெல்லப் படி இறங்கிப் போய்விட்டார்.

எல்லாமே என்றாரே. எது பிடித்தது என்று நான் கேட்டபோது அந்த மனுஷனுக்குத் தெரிந்தது வெறும் கட்டங்கள். அதற்கு அவர் வேறு என்னதான் சொல்வார்? பதில் பக்கத்தில் இருக்கிறது என்று பெருமையாக எழுதினேன். அவர் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை. வேற ஒண்ணும் சொல்லலியா என்று கேட்டார், அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் வர வேண்டாம் என்று சொன்னதாகத்தானே அவர் எடுத்திருப்பார்?

அக்டோபர் 18, வெள்ளி

இன்று பேச்சியும் நானும் வேறு வேலை பார்க்கவில்லை.

வீட்டுப் பக்கத்திலிருந்து எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டேன். வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு லிங்க், எழுத்தில். மெயிலில் நேராகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் இத்தனை மாதமாக வெறும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில்தான் அந்த வார்த்தை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் “இங்கே அழுத்தவும்” என்று எழுதினேன். பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணன் என்ன கரண்ட் பில்லா கட்டப் போறாவ? எங்க போகும்னு சொல்லுங்கக்கா. லிங்க்கப் படிச்ச ஒடனே அது எங்க கூட்டிட்டுப் போவும்னு தெரியணும்.”

“பதில்” என்று மாற்றினேன். மொட்டையாக இருந்தது. “கிளாட்வின் பார்க்க” என்று மாற்றினால் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. கடைசியில் பேச்சியைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு அடித்தேன்.

“வீட்டுக்கு வந்துருங்க.”

எப்போதும் லிங்க்கின் நீல நிறத்தையும் அடிக்கோட்டையும் அசிங்கம் என்று எடுத்துவிடுவேன். இதில் கை வைக்கவில்லை. பட்டிக்காட்டு நீலம்தான், தெரிய வேண்டும் அல்லவா.

அதை அழுத்தினால் திறக்கும் பக்கத்திலும் எழுத்துதான். படங்களில் என்னென்ன இருந்ததோ எல்லாவற்றையும் எழுதினேன். கதவு பச்சையாகத்தான் இருக்கிறது, மழையில் அடிப்பக்கம் கொஞ்சம் உப்பிவிட்டது. உங்கள் செருப்பைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன். சாரம் கொடியில் கிடக்கிறது. மீன்காரியிடம் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் வாங்குகிறேன். பிப்ரவரியில் போகாதீங்க என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். டக் போட்டில் பாதிச் சம்பளம் போதும். நீங்கள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கடைசி வரியை எழுதும்போது முகமெல்லாம் சூடாகிவிட்டது. கல்யாணம் ஆன புதிதில்கூட இப்படி ஒன்று சொன்னதில்லை. பேச்சிதான் அதை ஏற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினேன் என்று சத்தியம் செய்கிறாள், நம்பத்தான் வேண்டும். பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்று மெயிலும் போட்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

மெயில் இல்லை.

அக்டோபர் 23, புதன்

மெயில் இல்லை. கப்பல் நடுக்கடலில் இருந்தால் சில நாள் நெட்டே கிடைக்காது என்று அவர் முன்பு சொன்னதுண்டு. அல்லது போர்ட்டுக்கு வந்து கையெழுத்தும் ஆகியிருக்கலாம். பக்கத்தைத் திறந்து கட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, இனி எதற்கு என்று விட்டும் இருக்கலாம். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அண்ணாச்சி வெப்சைட்டில் ஜாடியைச் சின்னதாக்கி, கீழே “மக்ரூன் ஆர்டர் செய்ய” என்று எழுதிவிட்டோம். எல்லாப் படத்துக்கும் ஆல்ட் வரியும் நானே எழுதினேன், ஒன்று விடாமல். சாயங்காலமே ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. அண்ணாச்சி போனில் குதிக்கிறார். யார் யாரோ முகம் தெரியாதவர்கள் என் எழுத்தை அழுத்துகிறார்கள். அழுத்த வேண்டிய ஒருத்தர் எங்கே இருக்கிறாரோ.

அக்டோபர் 26, சனி

மோட்டார் நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. அடிபம்பில் அடித்துக் குடத்தில் தூக்கினேன். வந்து பார்க்கிறேன் என்று அவர்தானே சொன்னார்.

அக்டோபர் 27, ஞாயிறு

பூசை நடுவில் போன் அதிர்ந்தது. நற்கருணை வாங்கும் வரிசையில் நிற்கிறேன், பாவம் என்று தெரிந்தும் எடுத்துப் பார்த்தேன்.

“ஏட்டி, எழுத்து வந்திருக்கு! இப்பத்தான் சிக்னல் கெடச்சுது. கையெழுத்துப் போடல. கேப்டன் வஞ்சாரு, வையட்டும். நவம்பர் கடைசில கொழும்புல எறங்கி மதுரைக்கு ஃபிளைட்டு. அந்தக் கடைசி வரிய ஒம் வாயால ஒருக்காச் சொல்லணும்.”

வரிசையில் முன்னால் போன பெண் திரும்பிப் பார்த்தாள். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை.

நவம்பர் 30, சனி

வந்துவிட்டார். கறுத்து, மெலிந்து, காதோரம் நரை போட்டு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். வந்ததும் மோட்டாரைப் பார்க்கிறேன் என்று ஸ்பானரைத் தேடினார், நான் விடவில்லை. சீலா குழம்பு. சட்டி காலி.

சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். அந்த ஒரு வரிப் பக்கம் திறந்தபடியே இருந்தது.

“இது வந்தப்ப நீலமாத்தான் இருந்துச்சு. ஒரு தடவ அமுக்கிப் படிச்சிட்டுத் திரும்பி வந்தா ஊதாவாப் போச்சு. கெடுத்துட்டேனோன்னு பயந்தேம்ட்டி.”

எழுத்து லிங்க் அப்படித்தான், போய்விட்டு வந்த இடம் என்று நிறம் மாறிக் காட்டும், படத்துக்கு அது கிடையாது என்று சொன்னேன்.

“அதான. அந்தக் கட்டங்கள எத்தன தடவ அமுக்கியிருப்பேன், ஒண்ணும் மாறல.”

“ஒண்ணும் தெரியாம எதுக்கு அமுக்குனிய?”

“நீ வச்சதுலா. ஏதாவது ஒண்ணுல எழுத்து இருக்கும்னு ஒண்ணொண்ணா அமுக்கிப் பாப்பேன். தெனமும்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, படம் வரலன்னு?”

“நீ சொன்னியா?” என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

படங்களையெல்லாம் மறுபடி பக்கத்தில் ஏற்றி, அவர் லேப்டாப்பில் படம் வரும்படி மாற்றினேன். வீட்டு நெட்டில் எல்லாம் ஒரே நிமிஷத்தில் வந்து நிறைந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “இது குசினி ஜன்னலா? நான் பீரோன்னு நெனச்சேன்.” கடலில் எத்தனை நீலம் என்று விரல் விட்டு எண்ணினார். சாரத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சிரித்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முதலிலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தார்.

“என்ன தேடுதிய?”

“நடுவுல பெருசா ஒரு கட்டம் இருந்துச்சுலா. அது நீதான்னு நெனச்சேன். டூட்டிக்குப் போகைல அத ஒருக்கா அமுக்கிட்டுத்தான் போவேன். இப்பப் பாத்தா செருப்பு இருக்கு, டம்ளர் இருக்கு, சாரம் இருக்கு. எந்தப் படத்துலயும் நீ இல்லயே டெல்பின்?”

நானும் குனிந்து பார்த்தேன். நிஜம்தான். வீடு முழுவதும் வரைந்திருக்கிறேன், என்னை ஒன்றில்கூட வரையவில்லை. எனக்கே அது இப்போதுதான் தெரிகிறது.

லேப்டாப்பை மூடி வைத்தேன்.

“இங்கனதான இருக்கேன்,” என்றேன்.